வேலை இருக்கும் வரைதான் வீடு: நீலகிரியில் தாயகம் திரும்பியோர் மறுவாழ்வு – ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் (டான்டீ) வசம் இருந்த நிலத்தில் சுமார் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடமே திருப்பி ஒப்படைப்பது என்று 2022இல் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் காரணங்கள் சரியானவைதான். கழகம் பல ஆண்டுகளாக நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்து பறிக்க ஆள் போதவில்லை. பராமரிப்பு விட்டுப்போன தேயிலை புதராகி, யானையும் சிறுத்தையும் அதற்குள் வந்து தங்குகின்றன. ஆனால் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கத்து லயங்களில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இந்தச் செய்தி வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. நிலம் போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும் என்பது அங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லாத விஷயம். தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள், சங்கங்கள் மனுக் கொடுத்தன, கட்சிகள் அறிக்கை விட்டன.

லயங்களில் இருப்பவர்கள் காட்டை வளைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் கிடையாது. இலங்கையின் மலைத் தோட்டங்களிலிருந்து, இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு, அரசே கப்பலில் ஏற்றி, அரசே முகாமில் பதிந்து, அரசே வேலை கொடுத்துக் குடிவைத்த குடும்பங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை அரசின் கையாலேயே நடந்த மறுகுடியேற்றம் இது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கே ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் வீட்டடி நிலம் தம் பெயரில் இல்லை என்றால் அதற்கான காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். நான் புரிந்துகொண்ட வரையில், நடைமுறையில் ஏற்பட்ட சுணக்கத்தைவிடத் திட்டம் வரையப்பட்ட விதமே பெரிய காரணம். வேலையைக் கொடுத்துவிட்டால் வாழ்வு தானாக அமைந்துவிடும் என்று அரசு நினைத்தது. அதனால் வீட்டை வேலையோடு சேர்த்து முடிச்சுப் போட்டது. அந்த முடிச்சை அவிழ்க்கச் சட்டம் இடம் கொடுத்த காலத்தில் யாரும் அவிழ்க்கவில்லை.

கேட்காமல் போட்ட கணக்கு

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை வெளியே நிறுத்தியது. மறு ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆனால் அது கேட்ட சான்றுகளைக் கொடுக்கத் தோட்டத்து மக்களில் மிகச் சிலராலேயே முடிந்தது. பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து, லயத்திலேயே பிறந்து லயத்திலேயே இறந்த குடும்பங்களில் பிறப்புச் சான்றை யார் வைத்திருந்தார்கள்? இந்தியாவும் அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்கவில்லை. ஆகப் பத்து லட்சத்தை நெருங்கும் மக்கள் எந்த நாட்டையும் சேராதவர்களாக ஆனார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களை 9,75,000 பேர் என்று எண்ணிப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. 15 ஆண்டுகளில் முடிக்க வேண்டும். 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரைப் பற்றிய பேச்சோ அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. விண்ணப்பம் வாங்கியபோது நிலைமை தெரிந்தது: இலங்கைக் குடியுரிமையைக் கேட்டவர்கள் ஒப்பந்தம் ஒதுக்கிய 3 லட்சத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதாவது பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருக்க விரும்பினார்கள். மறுகுடியேற்றக் கொள்கை எதுவும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, போக விருப்பமா என்பது. இங்கே அதற்குப் பதில் கிடைத்தது, கணக்குத்தான் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஒப்பந்தத்தில் நல்ல வாசகங்களும் இருந்தன. இந்தியக் குடியுரிமை பெற்றவர் புறப்படும் நாள் வரை அல்லது 55 வயது வரை வேலையில் தொடரலாம். போகும்போது சேமலாப நிதி (வருங்கால வைப்பு நிதி), பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளை எடுத்துப் போகலாம். ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய தொகையின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது. காகிதத்தில் இவை போதுமான பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் நாட்கூலி வாங்கிய குடும்பத்தின் மொத்தச் சேமிப்பே இந்தப் பணம்தான். புது இடத்தில் காலூன்றுவதற்கு முன்பே அது சாப்பாட்டுச் செலவில் கரைந்தது.

போக மனமில்லாதவர்களையும் 1970கள் தள்ளின. 1972லும் 1975லும் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதை ஒட்டிய பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 1977இல் இனக்கலவரம். கண்டி, அட்டன் பக்கத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. ரயில் பெட்டியில் இருப்பவர்களும் நிலையத்தில் நிற்பவர்களும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே பிரிந்தார்கள். அண்ணன் இந்தியாவுக்கு, தங்கை இலங்கைக்கு என்று ஒரே வீடு இரண்டாகப் பிரிந்த கதை மலையகத்தில் ஊருக்கு ஊர் உண்டு. 1984இல் கப்பல் நின்றுபோகும்வரை இந்தப் பயணம் நடந்தது. இங்கே வந்து சேர்ந்தவர்கள் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து ஏறத்தாழ 4.6 லட்சம் பேர்.

மண்டபத்தில் வைத்துக் கொடுத்த எதிர்காலம்

கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் புறப்படும் குடும்பத்துக்குக் கடவுச்சீட்டோடு குடும்ப அட்டை ஒன்றையும் கொடுத்தது. குடும்பத் தலைவர் யார், கூட வருபவர்கள் யார் யார், இந்தியாவில் எந்த உதவி, எந்த இடம் என்பதெல்லாம் அதில். இன்றைக்கும் நீலகிரியில் பல வீடுகளில் அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்திருப்பார்கள். சாதிச் சான்று வாங்கப் போனாலும், கல்லூரியில் சேரப் போனாலும், நாங்கள் அரசு கொண்டுவந்து விட்டவர்கள் என்று நிரூபிக்க அது ஒன்றுதான் சாட்சி. அட்டை தொலைந்த குடும்பங்கள் பட்ட பாடு தனி.

ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நிறுத்திவைத்து நோய்ப் பரிசோதனை செய்து அனுப்பிய அதே இடம். அங்கே திட்டங்களின் பட்டியல் காத்திருந்தது: தேயிலைத் தோட்டம், ரப்பர் தோட்டம், கூட்டுறவு நூற்பாலை, விவசாயக் குடியேற்றம், வியாபாரக் கடன். தமிழ்நாட்டுக்குள் நீலகிரி, வால்பாறை, கன்னியாகுமரி. வெளியே கேரளத்தில் புனலூர், கர்நாடகத்தில் சுள்ளியா, நிக்கோபாரில் கட்சால் தீவு. பட்டியல் நீளமானதுதான். ஆனால் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிடைத்தது கடைசி வகை, வியாபாரக் கடன்.

இந்தக் கடனைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். மறுவாழ்வுக் கொள்கை மனிதர்களைப் பார்க்காமல் தலைப்புகளைப் பார்க்கும்போது என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல பாடம். அதே 1960களில் பர்மாவிலிருந்தும் தமிழர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களில் கணிசமானோர் அங்கே கடை வைத்திருந்தவர்கள், கொடுக்கல் வாங்கல் தெரிந்தவர்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் எழுந்ததில் அரசு உதவியோடு அந்த அனுபவமும் சேர்ந்தது. சரி, மலையகத்திலிருந்து வந்த பெண்ணின் அனுபவம் என்ன? காலையில் பெரட்டுக்களத்தில் (ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) நின்று பேர் கொடுத்து, மாலையில் கொழுந்தை நிறுத்துப் போட்டு, மாதக் கடைசியில் கடைப்பற்று போக மீதியை வாங்கியவர். அரிசியும் மாவும் தோட்டத்துக் கணக்கிலேயே வந்தன. அவரிடம் சில ஆயிரம் ரூபாயைத் தவணை தவணையாகக் கொடுத்து, திருச்சி, சேலம் மாவட்டத்தில் முகம் தெரியாத ஒரு கிராமத்தில் பெட்டிக்கடை வை, மாடு வாங்கு என்றால் எப்படி நடக்கும்? அந்த ஊரில் அவருக்குச் சொந்தம் இல்லை, நிலம் இல்லை, கடன் சொல்லிப் பொருள் வாங்கப் பழக்கமான ஆள் இல்லை. ஊருக்குள் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. திரும்பியவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். லயத்தில் எல்லோரும் ஒரே வரிசையில் குடியிருந்து பழகியவர்களுக்கு, பாட்டன் எதை விட்டுக் கப்பல் ஏறினாரோ அதே சேரி மீண்டும் வாசலில் நின்றது.

கடன் தொகை தீர்ந்ததும் மக்கள் தாமே ஒரு முடிவுக்கு வந்தார்கள். நீலகிரியில் தேயிலை இருக்கிறதாம், மலைக் குளிர் இருக்கிறதாம், நம் ஆட்கள் இருக்கிறார்களாம் என்று காதில் விழுந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறினார்கள். அரசின் ஏட்டில் சமவெளியில் குடியமர்ந்ததாகக் கணக்கு முடிக்கப்பட்ட குடும்பம் உண்மையில் கோத்தகிரியில் காரட் தோட்டத்துக் கூலியாகவோ, கூடலூரில் தனியார் எஸ்டேட்டின் தற்காலிக ஆளாகவோ இருந்தது. நீலகிரியின் மறுகுடியேற்றத்தில் பெரும் பகுதி இப்படி மக்கள் தாமாகச் செய்துகொண்டது. கொடைக்கானல் மலைக்குப் போன சிலரின் கதி இன்னும் மோசம். மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் முன்பணம் வாங்கி, கொத்தடிமைகளாக அவர்கள் சிக்கியிருந்தது 1980களில் வெளியே வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அரசு கையெழுத்துப் போட்டு அழைத்துவந்த மக்களைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு கொத்தடிமைகளாகக் கண்டெடுக்க நேர்ந்தது என்பதை எப்படிச் சொன்னாலும் மனம் ஆறவில்லை.

இவர்களுக்காக ஒரு நிறுவனமும் உருவானது. பர்மா, இலங்கையிலிருந்து திரும்பியோருக்கென 1969இல் தொடங்கிய ரெப்கோ வங்கி இன்றும் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. நகரத்தில் காலூன்றியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அது கைகொடுத்திருக்கிறது. ஆனால் வீட்டுக்கடன் என்றால் வீட்டுக்கு ஒரு பத்திரம் வேண்டும். லயத்தில் இருப்பவரிடம் அது இல்லை.

தேயிலை வளர்ந்தது, ஊர் உருவாகவில்லை

1968இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976இலிருந்து அதுவே தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக இயங்குகிறது. குன்னூரில் தலைமையகம். நடுவட்டம், பாண்டியாறு, தேவாலா, நெல்லியாளம், கொளப்பள்ளி, சேரங்கோடு, சேரம்பாடி, கோத்தகிரி, வால்பாறை என்று கோட்டங்கள். முதலில் வந்தவர்கள் பறிக்க அங்கே கொழுந்தே கிடையாது. காட்டை வெட்டிச் சரிவைத் திருத்தி, குழி எடுத்து, நாற்று நட்டு, நிழல் மரம் வைத்து, தேயிலை பறிப்புக்கு வரும்வரை ஆண்டுக்கணக்கில் மழையில் நின்றவர்கள் அவர்கள்தான். பந்தலூர் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழை சாதாரண மழை இல்லை. கம்பளியும் படங்குச் சாக்கும் போர்த்திக்கொண்டு, காலில் அட்டை ஏற ஏற வேலை செய்த தலைமுறை அது.

இந்தத் திட்டத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தெரிந்த தொழில், தெரிந்த தட்பவெப்பம், பக்கத்தில் தன் ஆட்கள், சட்டப்படியான கூலி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. சமவெளியில் கடன் வாங்கிக் கரைந்துபோன குடும்பங்களோடு ஒப்பிட்டால் டான்டீயில் சேர்ந்தவர்கள் கரை ஏறியவர்கள். மக்களின் கைத்திறனைப் பார்த்து வரையப்பட்ட திட்டம் என்பதால்தான் அது நின்றது.

நின்றது வேலைதான். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமையாக இருந்தது. அந்தச் சட்டத்தின்படியே லயம் கட்டினார்கள்: ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு சின்னத் தாழ்வாரம், சுவருக்குச் சுவர் ஒட்டி அடுத்த குடும்பம். கட்டியவர்கள் மனதில் இது தொழிலாளர் குடியிருப்பு. குடியேறியவர்கள் மனதில் இதுதான் இனி நம் ஊர். இந்த இரண்டு எண்ணங்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அன்றைக்கு யாரும் நிரப்பவில்லை. ஊர் என்றால் வீட்டடி மனைக்குப் பட்டா வேண்டும், மகன் கல்யாணம் ஆனதும் பக்கத்தில் இன்னொரு அறை கட்டிக்கொள்ள உரிமை வேண்டும், சுடுகாட்டுக்கு இடம் வேண்டும், ரோடு போட ஊராட்சிக்கு அதிகாரம் வேண்டும். லயத்தில் ஓட்டை மாற்றக்கூடக் கழகத்தை எதிர்பார்க்க வேண்டும். கழகமோ வனத்துறை நிலத்தின் குத்தகைதாரர்.

விளைவு ஒரு தலைமுறை கழித்துத் தெரிந்தது. நட்டவர்கள் ஓய்வு பெறத் தொடங்கினார்கள். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து விதி. தோட்டங்களில் பணிக்கொடைப் பேச்சும் வீட்டுச் சாவிப் பேச்சும் சேர்ந்தே வரும். முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு தாய்க்கு அப்போது இருந்த வழி ஒன்றுதான்: பிள்ளைகளில் ஒருவரைத் தோட்டத்தில் பேர் பதிய வைப்பது. நன்றாகப் படித்த பிள்ளை, திருப்பூரிலோ கோவையிலோ இதைவிட நல்ல சம்பளம் வாங்கக்கூடிய பிள்ளை, வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே கூடையைத் தூக்கும். வீட்டில் அப்படி யாரும் இல்லையென்றால் பயந்துகொண்டே இருக்க வேண்டும். வறுமையிலிருந்து பிள்ளைகளை மேலே ஏற்றுவதற்காக வந்த மறுவாழ்வுத் திட்டம், பிள்ளைகளைத் தாய் செய்த அதே வேலையில் கட்டிப்போடும் கயிறாகவும் ஆனது. வேலையோடு வீட்டைக் கட்டிய எல்லாத் திட்டங்களிலும் இது நடக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1990களின் இறுதியில் நீலகிரித் தேயிலை விலை சரிந்தது. அப்புறம் கழகம் பல ஆண்டுகள் பழையபடி எழவில்லை. புதிய ஆள் எடுப்பது குறைந்தது, கவ்வாத்து (செடியைக் கத்தரிப்பது) தள்ளிப்போனது, வயதான செடிகளை மாற்றி நட முதலீடு இல்லை. தனியார் எஸ்டேட்டுக்கு இப்படி ஆனால் அது ஒரு கம்பெனியின் நட்டம். இங்கேயோ மறுகுடியேற்றத்தின் முழுப் பாரமும் தேயிலை ஏலத்தின் விலைமேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது.

தவறவிட்ட 12 ஆண்டுகள்

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 1968க்கும் 1980க்கும் இடைப்பட்ட காலம். 1980 அக்டோபரில் மத்திய அரசின் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து காப்புக்காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு விடுவிக்க மாநில அரசால் மட்டும் முடியாது, மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அதற்கு முன்பு 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ் மாநில அரசே அதைச் செய்திருக்கலாம். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காட்டைத் தேயிலையாக்க உத்தரவு போட்ட அரசு, அதே கோப்பில் லயங்கள் நிற்கும் சில ஏக்கரை மட்டும் வருவாய்த்துறைக்கு மாற்றிக் குடியிருப்பு நத்தமாக அறிவித்திருந்தால் போதும். மறுவாழ்வுத் துறை, வனத்துறை, வருவாய்த்துறை மூன்றும் ஒரே தலைமைச் செயலகத்தில்தான் இருந்தன. ஆனால் மறுவாழ்வுத் துறைக்கு வேலை கொடுத்ததோடு குடும்பத்தின் கோப்பு முடிந்தது. வனத்துறைக்கு அது தோட்டம். வருவாய்த்துறையின் ஏட்டில் அந்த மக்களே இல்லை.

கதவு மூடிய பிறகு ஒவ்வொரு சட்டமும் அவர்களைத் தாண்டிப் போனது. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் காடு என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் கொடுத்தது. காட்டைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது, ஆனால் காட்டு நிலத்தில் குடிவைக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு பூட்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோருக்கு உரிமை கொடுத்தபோது, பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்றது. 1968க்குப் பிறகு வந்தவர்கள் எங்கே போய் 75 ஆண்டைக் காட்டுவது? இலங்கையில் சான்று இல்லை என்று குடியுரிமை மறுக்கப்பட்ட அதே குடும்பங்கள் இங்கே ஆண்டு போதவில்லை என்று நிலம் மறுக்கப்பட்டு நிற்கின்றன.

டான்டீக்கு வெளியே தாமாகக் குடியேறியவர்களின் சிக்கல் வேறு வகை. கூடலூர் வட்டத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்தின் ஜென்ம நிலம் (பரம்பரை உரிமை நிலம்) ஏறத்தாழ 80,000 ஏக்கர் இருந்தது. 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டம் அதை அரசுக்குக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு எஸ்டேட்டுகளின் குத்தகை நிலங்களைப் பற்றியது. பெரிய கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போனதால் அந்த நிலங்களின் நிலை பல பத்தாண்டு இழுத்தது. அதே நிலத்தில்தான் உணவு உற்பத்தி இயக்கக் காலத்தில் கேரளத்திலிருந்து வந்த விவசாயிகளும், அரை ஏக்கர் கால் ஏக்கர் என்று கைமாற்றாக வாங்கிய தாயகம் திரும்பியோரும் குடியிருக்கிறார்கள். பிரிவு 17 நிலம் என்ற ஒரு வார்த்தை கூடலூரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். பட்டா இல்லை, பட்டா இல்லாததால் நெடுங்காலம் மின் இணைப்பும் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் பத்தாம் வகுப்பு எழுதிய பிள்ளைகள் அங்கே ஆயிரக்கணக்கில். ஓட்டுரிமை உண்டு, ரேஷன் உண்டு, வீட்டு வரி ரசீதுகூட உண்டு, வெளிச்சம் மட்டும் நெடுங்காலம் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்த ஆய்வு நேர்மையாக இருக்காது. தேயிலைக்காக வெட்டப்பட்ட அந்தக் காடு ஆளில்லாத காடு இல்லை. பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக் குறும்பர், பெட்டக் குறும்பர் ஆகியோரின் இடம் அது. தேனும் கிழங்கும் எடுத்த காடு சுருங்கியதில் அவர்களும் தம் இடத்திலேயே இடம்பெயர்ந்தவர்கள் ஆனார்கள். மறுகுடியேற்றத் திட்டம் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னாளில் கூடலூரில் பழங்குடிகளும் சிலோன்காரர்கள் என்று அழைக்கப்பட்ட தாயகம் திரும்பியோரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்க்க நேர்ந்ததற்கு இந்த மௌனமே விதை. இருவருமே அரசின் முடிவால் இழப்புக்கு ஆளானவர்கள். ஒருவருக்கு நிலம் கொடுக்க இன்னொருவரின் உரிமையைத் தள்ளிவைக்கத் தேவையில்லாத அளவுக்குக் குடியிருப்பு மனைகளின் பரப்பு சிறியது.

இனிச் செய்யக்கூடியது

2022இல் அரசு ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. டான்டீயில் வேலை செய்த, செய்கிற தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் 573க்கு வீடு கட்டித் தர முடிவு செய்தது, பயனாளிகள் கட்ட வேண்டிய பங்குத் தொகையையும் தானே ஏற்றது. வேலையிலிருந்து வீட்டைப் பிரிக்க எடுத்த முதல் பெரிய முயற்சி இது என்பதால் மனமார வரவேற்கலாம். குறை எண்ணிக்கையில் இருக்கிறது. அப்புறம் இடத்தில். லயத்தை விட்டு வேறொரு இடத்தில் அடுக்குக் குடியிருப்பு என்றால், கோழி வளர்த்த, அவரைக் கொடி ஏற்றிய, மாடு கட்டிய வாழ்க்கை அங்கே போகாது. தோட்டத்துக் கூலி எந்தக் காலத்திலும் குடும்பத்துக்குப் போதியதில்லை. லயத்துக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்னக் காய்கறித் துண்டுதான் பற்றாக்குறையை நிரப்பியது. அதைக் கணக்கில் எடுக்காத வீடு பாதி வீடுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க நமக்குத் தூரத்தில் தேட வேண்டியதில்லை. இலங்கை மலையகத்தில் தங்கிவிட்ட அதே மக்களின் உறவுகளுக்கு இந்திய அரசே வீடு கட்டிக் கொடுக்கிறது. முதலில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி மலையகத்து நோர்வூட்டில் அறிவித்த மேலும் 10,000. அங்கே தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு 7 பேர்ச் (சுமார் 4.4 சென்ட்) காணியும் தனி வீடும் என்பது அடிப்படை. உறுதிப் பத்திரம் கொடுப்பதில் அங்கேயும் இழுபறிகள் உண்டு. ஆனால் லயத்தை விட்டு வெளியே வரும் குடும்பத்துக்கு மண்ணும் சேர்ந்து வர வேண்டும் என்ற கொள்கையை இந்தியா அங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தப்படி தன் குடிமக்களாக ஏற்று அழைத்துவந்தவர்களுக்கு நீலகிரியில் அதே அளவுகோலை வைக்க என்ன தடை?

சட்டத் தடை உண்மைதான், தாண்ட முடியாதது இல்லை. வனப் பாதுகாப்புச் சட்டம் முன் அனுமதி கேட்கிறது, முழுத் தடை போடவில்லை. டான்டீ நிலத்தை வனத்துறைக்குத் திருப்பும்போது காட்டுக்குச் சேர்வது ஆயிரக்கணக்கான ஹெக்டேர். லயங்களும் அவற்றை ஒட்டிய தோட்டத் துண்டுகளும் அதில் மிகச் சிறு பங்கு. இரண்டையும் ஒரே கோப்பாக மத்திய அரசுக்கு அனுப்பி, இவ்வளவு காட்டைத் திருப்பித் தருகிறோம், இவ்வளவு குடியிருப்பை விடுவியுங்கள் என்று கேட்க இதைவிடப் பொருத்தமான தருணம் இனி வராது. யானை வழித்தடத்தில் நிற்கும் லயங்களை மாற்றித்தான் ஆக வேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு மாற்று மனை முதலில், காலி செய்வது பிறகு. மற்றவற்றை நத்தமாக்கலாம். பட்டா பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலோ இருக்க வேண்டும், ஏனென்றால் தோட்டத்தில் பேர் போட்டு இந்த வீட்டைத் தக்கவைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கணக்கெடுப்பு வேண்டும், அதை வருவாய்த்துறை எடுக்க வேண்டும். கழகத்தின் சம்பளப் பட்டியலை வைத்து எடுத்தால் இன்றைக்குப் பேர் உள்ளவர்கள் மட்டும் வருவார்கள். ஓய்வு பெற்றும் லயத்திலேயே இருப்பவர், கணவன் இறந்த பிறகு வேலை கிடைக்காதவர், திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு அம்மாவை இங்கே விட்டிருப்பவர், தனியார் எஸ்டேட்டில் தற்காலிகமாக இருப்பவர், பிரிவு 17 நிலத்தில் இருப்பவர் எல்லோரும் விட்டுப்போவார்கள். படிவத்தின் முதல் கேள்வி எந்தத் தோட்டத்தில் வேலை என்று இருக்கக் கூடாது. எந்த ஆண்டு வந்தீர்கள், குடும்ப அட்டை இருக்கிறதா, இப்போது யார் யார் இந்த வீட்டில் இருக்கிறீர்கள், எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று தொடங்கலாம். அட்டை தொலைந்தவர்களுக்கு அதைக் காரணம் காட்டி மறுக்காமல் பள்ளிச் சான்று, பழைய ரேஷன் அட்டை, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் எதையும் ஏற்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வரச் சொல்லாமல், கொளப்பள்ளிக்கும் சேரம்பாடிக்கும் அலுவலர்கள் போக வேண்டும். வேலை நாளில் போனால் ஒரு நாள் பேர், அதாவது கூலி, போய்விடும் என்பதால், ஞாயிற்றுக்கிழமையில் போக வேண்டும்.